விழுங்காத மாத்திரைகள்

முதலில் அவள் அதை வயசுக் கோளாறு என்றுதான் நினைத்தாள். நாற்பதைத் தாண்டிவிட்டால் உடம்பு புதுப்புது வேடிக்கை காட்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் இதுவும் ஒன்று போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அரிப்பு. சிறுநீர் போகும்போது எரிச்சல். உள்ளாடையில் மஞ்சளும் பச்சையுமாக, நுரைத்த மாதிரி ஒரு கசிவு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள், வாடைதான் பாடாய்ப் படுத்தியது. குளித்துத் துணி மாற்றிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அது தன்னைச் சுற்றி வந்து நிற்பதாகத் தோன்றும். பஸ்ஸில் இடம் இருந்தாலும் யார் பக்கத்திலும் உட்காராமல் கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தாள்.

வேலை, ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில். துவைத்துத் தேய்த்து வரும் படுக்கை விரிப்புகளை மேசையில் விரித்துப் பார்த்து, கறை போகாததைத் தனியாக எடுத்துப் போட வேண்டும். ஓரம் பிரிந்திருந்தால் தைக்க வேண்டும். நாள் முழுக்க நீராவி, சோப்பு நெடி, இயந்திரங்களின் இரைச்சல். ஒரு வகையில் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அங்கே யாருக்கும் எந்த வாடையும் எட்டாது.

ஆனால் எதிர் மேசையில் மடிப்பு வேலை பார்த்த ரேடியோவின் கண்ணுக்குத் தப்ப முடியவில்லை. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் பஸ் ஏறும்வரை மூடாத பெண் என்பதால் அந்தப் பெயர். இவளைவிடச் சின்னவள்.

"அக்கா, ஏன் ஒரு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அரிப்பா? அட, இதுல என்ன இருக்கு. அது பூஞ்சைக்கா. எங்க அண்ணிக்கும் இப்படித்தான் வந்துச்சு. மருந்துக்கடையில ஒரு கிரீம் விக்கறான், வாங்கிப் போடுங்க, பட்டுனு நின்னுடும்."

வாங்கிப் போட்டாள். நிற்கவில்லை. அண்ணிக்கு வந்தது வேறு, தனக்கு வந்தது வேறு என்பது புரிய அந்தக் கிரீம் தீரும்வரை ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ஒரு மதியம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஹோட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பெண்கள் மருத்துவரிடம் போனாள். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

மருத்துவர் குட்டை முடியும் தடித்த கண்ணாடியுமாக, வளவளவென்று பேசாத மனுஷி. திரைக்குப் பின்னால் படுக்க வைத்துக் கருவியால் பார்த்தார். நீளப் பஞ்சுக் குச்சியால் கசிவைத் தொட்டு எடுத்தார். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரோடு அதைக் கலந்து, கையில் ஏந்திக்கொண்டு பக்கத்து அறைக்கு ஏறக்குறைய ஓடினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது.

"துணியச் சரி பண்ணிக்கிட்டு இங்க வாங்க. நீங்களே பாருங்க."

மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் பேரிக்காய் வடிவத்தில் சின்னச் சின்ன உருவங்கள். சும்மா மிதக்கவில்லை. வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, எங்கேயோ அவசரமாகப் போக வேண்டியவைபோல ஓடிக்கொண்டிருந்தன.

"உயிரோட இருக்கா?"

"ஆமா. அதனாலதான் ஓடினேன். சூடு ஆறிட்டா அசையாது, அப்புறம் அடையாளம் கண்டுபிடிக்கறது கஷ்டம். ட்ரைக்கோமோனாஸ்னு பேரு. ஒட்டுண்ணி. நிறைய பேருக்கு வர்றதுதான், மாத்திரையில போயிடும். பயப்பட ஒண்ணுமில்ல."

"எப்படி வந்துச்சு?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடலுறவுல. மத்தபடி கக்கூஸ், துணி, துண்டு, அதுலருந்தெல்லாம் வர்றதில்லன்னே வெச்சுக்கலாம்."

அவள் தலையாட்டினாள். ஏதோ பஸ் எண்ணைச் சொல்லிவிட்டதைப் போல அவ்வளவு சாதாரணமாகத் தலையாட்டியது அவளுக்கே விநோதமாக இருந்தது.

"நீங்க ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் சாப்பிடணும். வாயில இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி இருக்கும், கண்டுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் முழு டோசையும் ஒரே தடவையில முழுங்கிடணும். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னு சொல்வார். ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா உள்ள இருக்கும். அவர் சாப்பிடலன்னா உங்களுக்குத் திரும்ப வரும். ரெண்டு பேரும் முடிச்சு, அதுக்கப்புறம் ஒரு வாரம் போறவரைக்கும் சேர வேண்டாம். இன்னிக்கே ரத்தமும் குடுத்துட்டுப் போங்க, கூடவே வரக்கூடிய மத்த நோய்களையும் பாத்துடலாம்."

"எப்ப வந்திருக்கும் டாக்டர்?"

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா. மாசக்கணக்குல சத்தம் போடாம இருக்கும். சில பேருக்கு வருஷக்கணக்குல."

வெளியே வந்தபோது நல்ல வெயில். அழுகை வருமோ என்று ஒரு கடை நிழலில் நின்று பார்த்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைப் போல மனசு கனமாக, தன்னுடையது இல்லாததாக இருந்தது.

அவளுக்கும் அவள் கணவனுக்கும் இது இரண்டாம் கல்யாணம். அவளுடைய முதல் ஆள் வேலைக்கென்று வெளியூர் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டவன். கோர்ட்டு, கையெழுத்து என்று அலைந்து முடித்த பிறகு பல வருஷம் தனியாகவே இருந்தாள். இந்தச் சம்பந்தம் கணவனின் அக்கா மூலமாக வந்தது. நாத்தனாராகப் போகிறவள் முதல் சந்திப்பிலேயே சொன்னாள்: "படுத்த படுக்கையா கிடந்த பொண்டாட்டிய கடைசி மூச்சு வரைக்கும் கைக்குழந்தை மாதிரி பாத்துக்கிட்டவன் என் தம்பி. மாத்திரை குடுக்கறதுல இருந்து மலம் எடுக்கறது வரைக்கும் அவனேதான்." சொந்தபந்தம் எல்லாமே அதையே சொன்னது. விட்டுவிட்டுப் போனவனிடம் பட்டவளுக்கு, விடாமல் பார்த்துக்கொண்டவன் கிடைத்தான். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அவள் சரி என்றாள்.

வருத்தப்படவும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் அப்பிய கையோடு வந்து, "இன்னிக்கு ஊர்ல பாதிப் பேர மேல ஏத்தி விட்டிருக்கேன், ஒருத்தன் நன்றி சொல்லணுமே" என்று அலுத்துக்கொள்வான். அவளுக்குத் தலைவலி என்றால் அவனே சமைப்பான். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் குரலை உயர்த்தியதில்லை.

அன்று சாயங்காலம் அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், மருந்துப் பொட்டலத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு, மருத்துவர் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். ஹோட்டலில் மேற்பார்வையாளரிடம் அன்றைய கணக்கை ஒப்பிக்கும் அதே குரலில்.

அவன் பொட்டலத்தைத் தொடவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையே."

"தொந்தரவு தெரியாமலேயே உள்ள இருக்குமாம்."

"எங்கேருந்து வந்துச்சாம்?"

"சொல்ல முடியாதாம். வருஷக்கணக்குல உள்ளயே கிடக்குமாம்."

அவன் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "அப்ப அந்த ஆளுதான். உன்னோட... முன்னாடி இருந்தவன். கண்ட இடத்துல மேஞ்சவன்தானே?"

"இருக்கலாம்" என்றாள். அப்படியும் இருக்கலாம் என்று அவளும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"பாவி. போயும் போயும் இதையா வெச்சிட்டுப் போவான்" என்று அவன் அவளுக்காகக் கோபப்பட்டான். தோளில் கை வைத்தான். தன்னால் அவனுக்கும் ஒரு நோய் வந்துவிட்டதே என்று அவள் கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவன் வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள். "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். யப்பா, வாயெல்லாம் இரும்பு."

அந்த வாரம் முழுக்க அவளுக்கும் எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலத்தான் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் வேறு எதுவும் இல்லை என்று வந்தது. அரிப்பு நின்றது, வாடை போனது. குறித்த நாள் கழிந்ததும் இருவரும் பழையபடி சேர்ந்தார்கள். எப்போதாவது அவன் முதல் ஆளைத் திட்டினால் அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள். திட்டுவது சுலபமாக இருந்தது. அந்த மனுஷன் எதைச் செய்திருந்தாலும் நம்பலாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் மருத்துவர். தொந்தரவு ஒன்றும் பெரிதாக இல்லை, இரண்டொரு நாளாக லேசான எரிச்சல் மட்டும். தண்ணீர் குறைவாகக் குடித்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு காலையில் போனாள்.

அதே திரை, அதே பஞ்சுக் குச்சி. மருத்துவர் பக்கத்து அறையிலிருந்து திரும்பி வர இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"மறுபடியும் இருக்கும்மா."

அவள் துணியைச் சரி பண்ணிக்கொண்டு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க மாத்திரைய முழுசா முடிச்சீங்களா?"

"முடிச்சேன்."

"அவர்?"

"சாப்பிட்டேன்னு சொன்னார்."

"நீங்க பாத்தீங்களா?"

அவள் மேசைமேல் இருந்த கையுறைப் பெட்டியைப் பார்த்தாள். மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "அவர் சாப்பிடாம இருந்திருக்கலாம். சாப்பிட்டும் வெளியிலேருந்து புதுசா வந்திருக்கலாம். அபூர்வமா மருந்துக்கே அடங்காத கிருமியாவும் இருக்கலாம். எதுன்னு நான் யூகிக்க மாட்டேன். உங்களுக்குத் திரும்ப மருந்து தர்றேன். அவரை இந்தத் தடவை இங்க கூட்டிட்டு வாங்க."

அவன் அன்று எங்கே வேலை பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்று. நேராக அங்கே போனாள். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, குறுக்கே மஞ்சள் பட்டை கட்டியிருந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. கீழே குழியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள். பெரிய சுருள் கம்பிகளுக்குப் பக்கத்தில் அவன் குந்தி உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இவளை அங்கே எதிர்பார்க்கவில்லை. "என்ன? என்ன ஆச்சு?"

"அந்த மாத்திரைய சாப்பிட்டீங்களா?"

"எந்த..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஸ்பேனரைக் கீழே வைத்தான். இரும்பு ஏணியில் ஏறி வெளியே வந்து தரை விளிம்பிலேயே கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தான்.

"இல்ல."

"என்ன பண்ணீங்க?"

"அன்னிக்கு வேலை பாத்த எடத்துல, இதே மாதிரி ஒரு குழியில போட்டுட்டேன்." கையைத் துணியில் துடைத்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "கையில எடுத்து வெச்சுக்கிட்டேன். தண்ணி பாட்டிலக்கூடத் திறந்துட்டேன். முழுங்கிட்டா நான் அப்படிப்பட்டவன்னு ஆயிடும்னு தோணுச்சு."

"எப்படிப்பட்டவர்னு?"

அப்போது கட்டடக் காவலாளி அந்தப் பக்கமாக வந்தார். "என்னப்பா, லிஃப்ட் எப்ப ஓடும்? அஞ்சாவது மாடிக்காரங்க என்னைத்தான் கடிச்சுத் துப்பறாங்க."

"மதியத்துக்குள்ள ஓடும் சார்."

காவலாளி போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவன் குழியைப் பார்த்தபடியே சொன்னான். முதல் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில் அங்கே கேண்டீனில் கல்லாவில் இருந்த பெண். முதலில் ஆறுதலாக நாலு வார்த்தை. அப்புறம் அது வேறாகிவிட்டது.

"அவங்க உசுரோட இருக்கும்போதா?"

"இருக்கும்போதும். அதுக்கப்புறமும். நம்ம கல்யாணத்துக்கு முந்தின மாசம் வரைக்கும்."

"இப்போ?"

"இல்ல. சத்தியமா இல்ல. நீ வந்த பிறகு அந்தப் பக்கமே போகல." அவன் குரல் உடைந்தது. "நான் செத்துப்போனவளப் பாத்துக்கிட்டதும் நிஜம்தான். அதெல்லாம் நடிப்பு இல்ல. ஆனா ஊரே என்னைச் சாமி மாதிரி பேசுதே, நீகூட அதுக்காகத்தானே... அந்த மாத்திரைய முழுங்கினா எல்லாம் போயிடும்னு பயம்."

அவள் நின்றுகொண்டே கேட்டாள். கேட்டதெல்லாம் காதுக்குள் போனது, அதற்கு மேல் எங்கேயும் போகவில்லை. வேறு யாருடைய வீட்டு விவகாரத்தையோ ரேடியோ சொல்லிக் கேட்பதைப் போல இருந்தது.

"நீங்க எங்க போனீங்க, யாருகிட்ட போனீங்கன்னு கேக்க நான் வரல" என்றாள் கடைசியில். "அது நான் வர்றதுக்கு முந்தின கதை. எனக்கு நோய் தெளிஞ்சு போச்சு. அப்புறம் தெரிஞ்சே திரும்பக் குடுத்தீங்க. என்னாலதான் உங்களுக்கு வந்துச்சோன்னு நான் கூனிக் குறுகிக் கிடந்தேன், தோள்ல வேற கை வெச்சு ஆறுதல் சொன்னீங்க."

அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான்.

"மதியத்துக்கு மேல டாக்டர் இருப்பாங்க. லிஃப்ட முடிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். போய் விரிப்புகளைப் பார்த்தாள். ஒன்றையும் தவற விடவில்லை. ரேடியோ ஏதோ சொல்லிச் சிரித்தபோது உரிய இடத்தில் சிரித்தும் வைத்தாள்.

சாயங்காலம் மருத்துவர் அவனைத் திட்டவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, மாத்திரைகளை மேசையில் வைத்தார். அவன் ஒவ்வொன்றாக விழுங்கினான். விழுங்கும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

"இன்னொருத்தங்களும் இருக்காங்கன்னா அவங்களுக்கும் சொல்லணும்" என்றார் மருத்துவர். "அவங்களுக்கு இருக்கறது அவங்களுக்கே தெரியாம இருக்கலாம்."

அவன் இவளைப் பார்த்தான். "பண்ணுங்க" என்றாள் இவள்.

தாழ்வாரத்தில் நின்று அந்தக் கேண்டீன் பெண்ணின் எண்ணைத் தேடி அழுத்தினான். இவள் கதவருகே நாற்காலியில் இருந்தாள். நலம் விசாரித்தான், இருமினான், அவளுடைய அக்கா சௌக்கியமா என்று எதற்கோ கேட்டான். பிறகு ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் பேச்சு வந்தது. இவனிடமிருந்து "ம்" மட்டும்தான். போனைக் கீழே இறக்கியபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். போன வருஷமே கண்டுபிடிச்சு மருந்து சாப்பிட்டாளாம். டாக்டர் எனக்குச் சொல்லச் சொன்னாராம். புதுசா கல்யாணம் ஆனவன்கிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டாளாம்." போனைச் சட்டைப் பையில் போட்டான். "உங்கிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னா."

இவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக இவர்கள் இருவரிடமும் திட்டு வாங்கிய அந்த முதல் ஆள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குற்றத்தைச் செய்யாமல் இருந்திருக்கிறான். அவள் உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டது. சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து முன்னறையில் தனியாகப் படுத்தாள். அவன் கேட்கவில்லை. தன் வாரத்து மாத்திரைகளை அவள் விழுங்கினாள். இரும்பு ருசி வந்தது, போனது. சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், "குழாய் ஒழுகுது", "கேஸ் தீரப்போகுது" என்று தேவையானதைப் பேசினார்கள். நாத்தனார் போனில் விசாரித்தபோது, "நல்லா இருக்கோம் அண்ணி" என்றாள். அதில் பொய் எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியவில்லை. வலிக்கவில்லை. வலித்தால் தேவலை என்று இருந்தது.

சில மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மருத்துவர் அவளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் எதுவும் ஓடவில்லை. "சுத்தமா போயிடுச்சு" என்று மருத்துவர் முதல் முறையாகச் சிரித்தார். அவளும் நன்றி சொன்னாள். வெளியே காத்திருந்தவனிடம் "போயிடுச்சாம்" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாளியில் ஊறப் போட்டிருந்த தன் வெள்ளைச் சட்டையை அலசப் போனாள். அதற்கு மேலேயே அவன் கிரீஸ் துடைத்த துணி கிடந்தது. தண்ணீர் கறுத்திருந்தது. சட்டையின் முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

"யார் இதப் போட்டது?"

"நான்தான். தெரியாம..."

"தெரியாமயா? உங்களுக்கு எல்லாமே தெரியாமத்தான் நடக்கும் இல்ல?" வாளியை எட்டி உதைத்தாள். தண்ணீர் கூடம் வரை ஓடியது. "மாத்திரையத் தெரியாம போட்டீங்க, பொய்யத் தெரியாம சொன்னீங்க! இரும்பு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, ஒரு மாத்திரையக்கூட வாயில போடாம எப்படிங்க அப்படிச் சொல்ல வந்துச்சு? என் ருசியத் திருடிச் சொன்னீங்க! என்கிட்டேருந்தே கேட்டுட்டு என்கிட்டேயே சொன்னீங்க!"

அவளுக்கு மூச்சு வாங்கியது. கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தபோதுதான் அழுதுகொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. அடக்கவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து, இத்தனை மாதம் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அவனுடைய அக்காவை, கேண்டீன்காரியை, அவன் நல்ல பெயரை, எதையும் விடவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது, அதற்கும் நிறுத்தவில்லை. அவன் ஈரத் தரையில் அசையாமல் நின்று கேட்டான். ஒரு இடத்தில் அவனும் அழுதான். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தபோது பஸ் போயிருந்தது. வயிறு பசித்தது. அப்படிப் பசித்து எத்தனையோ நாளாயிற்று. அடுப்படிக்குப் போய் நின்றபடியே தட்டில் இருந்ததைச் சாப்பிட்டாள். அவன் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

செருப்பை மாட்டும்போது அவன் அவளுடைய பையை நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் முடியல" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "மிச்சத்த சாயங்காலம் வந்து திட்டறேன்."

"சரி" என்றான் அவன். "வீட்லதான் இருப்பேன்."